மூன்றாம் பதிப்பில் அவள் சாகவில்லை

ஒரே புத்தகத்தை ஆறு தடவை வாங்கி வைத்திருக்கிற ஆளை உலகம் என்ன சொல்லும்? பைத்தியம் என்று சொல்லும். லிஃப்ட்காரரின் மனைவி அப்படிப் பட்டென்று போட்டு உடைக்கிறவள் இல்லை. "அவருக்குக் கொஞ்சம் மறதி. வாங்கினதையே திரும்பத் திரும்ப வாங்கிட்டு வந்து நிப்பார்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

மறதியாவது மண்ணாங்கட்டியாவது. வேலையில் இருந்த காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்த மனிதர். மோட்டார் சத்தத்தைக் கேட்டே எங்கே தேய்மானம் என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கூர்மையை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது என்று தெரியாமல் இருந்தவர், 'பாலத்தில் மூவர்' என்ற உளவு நாவலில் போய் விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அந்த நாவலை எழுதியவருக்கு ஒரு வியாதி உண்டு. எழுதி முடித்ததை அப்படியே விட மாட்டார். ஒவ்வொரு முறை மறுபதிப்பு வரும்போதும் உள்ளே கை வைப்பார். முதல் பதிப்பில் கதாநாயகன் தந்தி அடிப்பான், அடுத்ததில் தொலைபேசியில் பேசுவான். ஒன்றில் வாய் ஓயாமல் சிகரெட் பிடித்தவன் இன்னொன்றில் திருந்தி மிட்டாய் சப்புவான். ஆனால் பதிப்பகத்தார் கஞ்சர்கள், அட்டைப்படத்தை மட்டும் மாற்றவே இல்லை. எல்லாவற்றிலும் தொப்பி போட்ட ஒருவன் பாலத்தின் மேல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். உள்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி 'இத்தனையாவது திருத்திய பதிப்பு' என்று போட்டிருப்பதைப் பார்த்தால்தான் எது எந்தப் பதிப்பு என்றே தெரியும்.

இதைத் தேடித் தேடிச் சேர்க்க ஒரு கூட்டமே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் கடையில் கூடுவார்கள். ஒருவர் தன் பதிப்பை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் தங்கள் பதிப்பில் விரல் வைத்துத் தொடர்வார்கள். எங்கே ஒரு சொல் மாறுகிறதோ அங்கே துணி வெட்டும் மேஜையை 'டொக்' என்று தட்ட வேண்டும். முதலில் தட்டியவருக்கு மற்றவர்கள் டீ வாங்கித் தர வேண்டும். பெரிய மனிதர்கள் செய்கிற காரியமா என்று கேட்டால், ஆமாம், பெரிய மனிதர்கள்தான் செய்தார்கள்.

ஏழு பதிப்புகளில் லிஃப்ட்காரரிடம் இல்லாதது மூன்றாவது ஒன்றுதான். அதில்தான் விசேஷம். கதையில் வயர்லெஸ்காரி என்று ஒரு பெண் வருவாள், உளவாளிகளுக்குச் செய்தி அனுப்புகிறவள். எல்லாப் பதிப்பிலும் அவளைப் பாலத்தில் வைத்துச் சுட்டுவிடுவார்கள். மூன்றாவதில் மட்டும் பிழைத்துக்கொள்வாள். எழுத்தாளருக்கு என்ன இரக்கம் வந்ததோ தெரியவில்லை, அடுத்த பதிப்பிலேயே அந்த இரக்கமும் போய்விட்டது. மூன்றாவது அச்சானதே கொஞ்சம். கூட்டத்தில் அதை வைத்திருந்தவர் தையல்காரர் ஒருவர்தான். ஆயிரம் முறை கெஞ்சிய பிறகு லிஃப்ட்காரருக்கு இரவல் கொடுத்தார். "ஞாயித்துக்கிழமை இது என் மேஜை மேல இருக்கணும். இல்லேன்னா நீ என் மூஞ்சியில முழிக்காதே" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் மருமகள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

மருமகள் வீட்டுக்குப் புதுசு. மகன் கப்பலில் வேலை பார்க்கிறவன், கல்யாணமான கையோடு கிளம்பிப் போய்விட்டான். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில், கால் உடைந்தவர்களுக்கு நடைப்பயிற்சி கொடுக்கிறவள். அன்று மாலை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"மாமா, உங்க அலமாரியில ஒரே புத்தகம் நிறைய இருந்துச்சில்ல? புதுசா இருந்த ஒண்ணை உங்களுக்கு வச்சிட்டு மீதியை வார்டுக்குக் கொண்டு போய்க் கொடுத்துட்டேன். படுத்த படுக்கையா கிடக்கறவங்க, ஆளுக்கு ஒண்ணு கையில எடுத்துட்டாங்க. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! எங்க மாமா கொடுத்தாருன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"நான்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னேன். பிடிச்ச தொல்லை விட்டுது" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

லிஃப்ட்காரர் அலமாரியைத் திறந்தார். ஏழாவது பதிப்பு மட்டும் தனியாகச் சாய்ந்துகொண்டு நின்றது. தையல்காரரின் மூன்றாவதும் போயிருந்தது. வாயைத் திறந்து ஏதோ சொல்லத் திரும்பினார். அங்கே அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு, 'சபாஷ்' என்று ஒரு வார்த்தை வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். புகுந்த வீட்டில் தானாக யோசித்து அவள் செய்த முதல் காரியம் அது. அதைத் தப்பு என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"நீ பண்ணினது நல்ல காரியம்தாம்மா" என்றார்.

சொன்ன பிறகு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன்னுடையவை போனால் போகட்டும், எப்படியாவது மறுபடி தேடிக்கொள்ளலாம். தையல்காரருடையதை மட்டுமாவது மீட்க வேண்டும். நேராகப் போய்க் கேட்டால் வார்டு முழுக்க என்ன பேசும்? 'கொடுத்ததைத் திருப்பிக் கேக்க மாமனார் வந்துட்டார்' என்று அந்தப் பெண்ணைத்தான் இளக்காரமாகப் பார்க்கும். ஆகவே இத்தனை வருஷம் உளவு நாவல் படித்த மூளையை முதன்முறையாக நிஜத்தில் உபயோகிப்பது என்று முடிவு செய்தார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

மறுநாள் மதியம் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கருவிப் பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். பைக்குள் ஸ்பானருக்கு நடுவே ஏழாவது பதிப்பு. அந்த நேரத்தில் மருமகள் கீழ்த்தளத்துப் பயிற்சிக் கூடத்தில் இருப்பாள் என்று அவருக்குத் தெரியும்.

"என்னண்ணே, லிஃப்ட் மறுபடி மக்கர் பண்ணுதா?" என்று கேட்டாள், அவர் அங்கே லிஃப்ட் பார்த்த காலத்திலிருந்து பழக்கமுள்ள நர்ஸ்.

"சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, லிஃப்ட் இருக்கிற பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாக நடந்தார். அவள் கவனிக்காதது அவருடைய அதிர்ஷ்டம்.

ஒவ்வொரு கட்டிலாக நலம் விசாரிப்பதுபோல் நின்று, "நல்ல புத்தகமா?" என்று வாங்கி உள்பக்கத்தைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். ஐந்தாவது, முதலாவது, நான்காவது. மூன்றாவது ஜன்னலோரம் படுத்திருந்த பேக்கரிக்காரரிடம் இருந்தது. மாவு மூட்டை அடுக்கும் ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவர் அவர். மருந்து மயக்கத்தில் நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். புத்தகம் நெஞ்சின் மேல் கவிழ்ந்து கிடந்தது.

லிஃப்ட்காரர் மெல்ல எடுத்தார். ஏழாவதை வைத்தார். அப்படியே நழுவியிருக்கலாம். ஆனால் புத்தகப் பிரியர் இல்லையா? படித்த இடம் தவறினால் அந்த மனுஷனுக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று இரக்கப்பட்டு, அதே பக்கத்தைத் தேடிப் பிரித்து அதே மாதிரி கவிழ்த்து வைத்தார். உள்ளே கதை வேறு என்பது அவருக்குத் தெரியாததா? தெரியும். 'நம்ம கூட்டத்து ஆளுங்களுக்குத்தான் இதெல்லாம் கண்ணுல படும். சும்மா பொழுது போகப் படிக்கிறவனுக்கு என்ன தெரியப் போகுது' என்று ஒரு எண்ணம். வருஷக்கணக்காக மேஜை தட்டியதில் வந்த கர்வம் அது, வேறென்ன.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் சீட்டி அடித்தார்.

மாலையில் மருமகள் வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அத்தை, என் வேலை போயிடும் போல இருக்கு."

காலையில் பேக்கரிக்காரரை வாக்கர் பிடித்து நடக்க வைத்தபோது அவர் லேசாகச் சாய்ந்திருக்கிறார். இவள் பிடித்துவிட்டாள். ஆனாலும் தலை கட்டில் கம்பியில் இடித்துவிட்டது. வீக்கம் இல்லை, வலி இல்லை. அவரே சிரித்துக்கொண்டு போய்ப் படுத்தார். மதியம் தூங்கி எழுந்ததும்தான் ஆரம்பித்திருக்கிறது.

"'காலையில உயிரோட இருந்தவளை அதுக்குள்ள எப்படிப் புதைச்சாங்க'ன்னு கத்தறார் அத்தை. அவர் சம்சாரம் பக்கத்துலேயே நின்னு ஆப்பிள் நறுக்கிட்டு இருக்காங்க. யாரைச் சொல்றீங்கன்னா புத்தகத்துல வர்ற பொம்பளையாம். குண்டு பட்டு ஆத்துல விழுந்து, ஒரு குடிசையில உக்காந்து பால் குடிச்சிட்டு இருந்தாளாம். தூங்கி எழுந்து பாத்தா அவ சவ ஊர்வலம் போகுதாம். முன்னாடி பக்கமெல்லாம் புரட்டிப் பாத்தாங்க. குடிசையும் இல்ல, பாலும் இல்ல. தலையில அடிபட்டதுல மூளை கலங்கிடுச்சுன்னு டாக்டர் சந்தேகப்படறாங்க. நாளைக்குக் காலையில ஸ்கேன். எப்படி விழ விட்டேன்னு என்னை விசாரிக்கப் போறாங்க. நான் இன்னும் தற்காலிகம்தானே."

லிஃப்ட்காரர் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"வேலை போனாக்கூடப் பரவாயில்ல. அந்த மனுஷன் அழுதார் அத்தை" என்றாள் அவள். "அவங்க அண்ணனுக்குக் கடைசி காலத்துல பெத்த பிள்ளைங்களையே அடையாளம் தெரியாம போச்சாம். எனக்கும் ஆரம்பிச்சிடுச்சான்னு என் கையைப் பிடிச்சிட்டு அழறார். நான் என்ன பதில் சொல்றது?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் லிஃப்ட்காரர் எழுந்தார். அவளைக் காப்பாற்றப் போய் அவள் தலையிலேயே கல்லைத் தூக்கிப் போட்டாயிற்று. இப்போது உண்மையைச் சொன்னால், அவள் கொடுத்ததே தப்பு என்பதில் ஆரம்பித்து மாமனார் நோயாளியின் நெஞ்சிலிருந்து திருடினார் என்பது வரை சொல்ல வேண்டும். எழுந்தவர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு நானும் உன்கூட ஆஸ்பத்திரிக்கு வரேம்மா" என்றார்.

"எதுக்கு மாமா?"

"வேலை இருக்கு."

காலையில் வார்டு கோவில் மாதிரி அமைதியாக இருந்தது. பேக்கரிக்காரரின் கட்டிலைச் சுற்றிப் பெரிய டாக்டரம்மாவும் நர்ஸும் நின்றார்கள். மருமகள் சுவரோடு சுவராக நின்றாள். இன்றைக்கு என்ன கிழமை, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், ரொட்டிக்கு எவ்வளவு ஈஸ்ட் போடுவீர்கள் என்று டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் பேக்கரிக்காரர் சரியாகப் பதில் சொன்னார்.

"அந்தப் பொண்ணு உயிரோட இருந்தாளா?"

அவர் சுற்றியிருந்தவர்களை ஒரு முறை பார்த்தார். "இருந்தா டாக்டர். நான் என்ன பண்ணட்டும், இருந்தாளே."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டு, ஸ்கேனுக்கு அழைத்துப் போகச் சொல்லி நர்ஸுக்குக் கண் காட்டினாள்.

"அவர் சொல்றது நிஜம்தான்" என்றார் லிஃப்ட்காரர். குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை உரக்கச் சொன்னார். பிறகு நிறுத்த முடியவில்லை. அலமாரி, தையல்காரர், காக்கிச் சட்டை, குறட்டை, கவிழ்த்து வைத்த பக்கம் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். மருமகள் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

டாக்டரம்மா கேட்டுவிட்டு மெல்லத் தலையை ஆட்டினாள். "உங்க மருமக மேல உங்களுக்கு இருக்கற பாசம் புரியுது ஐயா. அதுக்காக இப்படியா கதை கட்டுவாங்க? ஒரே அட்டை, ஒரே புத்தகம். ஒண்ணுல சாவாளாம், ஒண்ணுல பிழைப்பாளாம். யாராவது நம்புவாங்களா?"

உண்மையைச் சொல்லியும் எடுபடவில்லை என்றதும் லிஃப்ட்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. கருவிப் பையிலிருந்து மூன்றாம் பதிப்பை எடுத்தார். கட்டிலில் கிடந்த ஏழாவதைப் பேக்கரிக்காரர் கையில் கொடுத்தார்.

"நான் படிக்கிறேன். நீங்க உங்க புத்தகத்துல விரல் வச்சுட்டே வாங்க. எங்க மாறுதோ அங்க கட்டில் கம்பியைத் தட்டுங்க."

பாலத்து அத்தியாயத்தை ஆரம்பித்தார். மழை பெய்தது, சத்தம் இல்லை. தொப்பிக்காரன் விசில் அடித்தான், சத்தம் இல்லை. டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "'குண்டு அவள் தோளைக் கிழித்துக்கொண்டு போனது'" என்று லிஃப்ட்காரர் படித்தார்.

டங் என்றது கம்பி. "நெஞ்சு! இதுல நெஞ்சுன்னு போட்டிருக்கு!" என்று கத்தினார் பேக்கரிக்காரர்.

"'அவள் ஆற்றில் விழுந்து நீந்தினாள்.'"

டங். "இதுல விழுந்ததோட சரி. நீந்தல!"

எதிர்க் கட்டிலிலும் டங் என்று ஒரு சத்தம் கேட்டது. இடுப்பு முறிந்து கிடந்தவர் தன்னிடமிருந்த முதல் பதிப்பைத் தூக்கிக் காட்டினார். "என்னோடதுல ஆறே இல்லீங்க. பாலத்துக்குக் கீழ ரயில் போகுது!" அதற்குள் அந்த மூலையில் ஒரு டங், இந்த மூலையில் ஒரு டங். கை கட்டுப்போட்டவர் காலால் உதைத்தார். சாகக் கிடந்த வார்டு சந்தைக்கடை ஆகிவிட்டது.

டாக்டரம்மா இரண்டு புத்தகங்களையும் வாங்கி நின்ற இடத்திலேயே படித்தாள். உள்பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி படித்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். "ஸ்கேன் வேண்டாம். இவருக்கு மூளை நம்ம எல்லாரையும் விட நல்லாவே வேலை செய்யுது. விசாரணையும் ஒண்ணும் இல்லம்மா, நீ போய் வேலையைப் பாரு."

அதோடு விட்டாளா? "நோயாளி படுக்கையில கை வைக்கறது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா உங்களுக்கு? மருந்தையே மாத்தி எழுதறதுக்கு இருந்தேன்" என்று லிஃப்ட்காரரை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவ்வளவு திட்டு வாங்கியும் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவருக்கு.

பேக்கரிக்காரர் சம்சாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்லடி, ஒண்ணும் இல்லியாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு அவர் லிஃப்ட்காரரைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"மூணாவதைக் கொடுங்க. அவ கடைசியில என்ன ஆனான்னு தெரியாம நான் இங்கேருந்து எழுந்திரிக்க மாட்டேன்."

லிஃப்ட்காரர் தையல்காரருக்கு ஃபோன் போட்டார். நடந்ததைக் கேட்டுத் தையல்காரர் வாயில் வந்ததையெல்லாம் பேசினார். பேசி முடித்ததும், "அந்த ஆளு படிச்சு முடிக்கட்டும். ஆனா முதல்ல தட்டினவனுக்கு டீ வாங்கித் தந்தியா இல்லியா?" என்று கேட்டார்.

லிஃப்ட் வரை மருமகள் கூடவே வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரம்மாவின் கோபத்தைத் தாங்கிய மனிதருக்கு இந்த மௌனம் தாங்கவில்லை. நாலு பேருக்கு முன்னால் அவள் மானத்தை வாங்கிவிட்டோம், இனி இந்தப் பெண் நம்மோடு எப்படிப் பேசுவாள் என்று கலங்கிப் போய் நின்றார். லிஃப்ட் வந்தது. உள்ளே இவர்கள் இரண்டு பேர்தான். கதவு மூடியது.

"அன்னைக்கே ஏன் மாமா என்கிட்ட சொல்லல?"

"நீ ஆசையா செஞ்சிட்டு வந்து நின்னேம்மா. வந்த இடத்துல உன் முகம் வாடிப் போகக் கூடாதேன்னு..."

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள். "நான் வந்ததுலேருந்து எதைச் செஞ்சாலும் 'பரவாயில்லம்மா', எதைக் கெடுத்தாலும் 'நல்லா இருக்கும்மா'. ஹோட்டல்ல தங்கின மாதிரி இருக்கு மாமா. எங்கப்பா என்னைத் திட்டாத நாளே கிடையாது. கல்யாணம் ஆனதும் அவரும் நிறுத்திட்டார். போனா உக்கார வச்சு மரியாதை பண்றார். இப்ப என்னைத் திட்டறதுக்கு எந்த வீட்டுலயும் ஆள் இல்ல."

லிஃப்ட்காரர் லிஃப்ட் பொத்தான்களையே பார்த்தார்.

"திட்டுங்க மாமா."

"போகட்டும்மா, தெரியாம செஞ்சது தானே, அதனால என்ன..."

"பாத்தீங்களா! மறுபடியும்!"

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அதைப் பார்த்ததும் அவருக்குள்ளே எதுவோ அறுந்தது.

"அறிவுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?" என்றார். "அலமாரியைத் திறக்கறதுக்கு முன்னாடி, வீட்டுல மனுஷன்னு ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கானே, அவனை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணிச்சா? உங்க அத்தை சொன்னாளாம், இவ எடுத்தாளாம்! நான் வருஷக்கணக்கா நாயா பேயா அலைஞ்சு சேத்தது. சரி, எடுத்துட்டுப் போனியே, எனக்குன்னு எதை வச்சிட்டுப் போனே? ஏழாவதை! ஏழாவது பதிப்பை எவனாவது படிப்பானா?"

கீழ்த்தளத்தில் கதவு திறந்தது. வெளியே காத்திருந்த நாலைந்து பேர், அழுகிற பெண்ணையும் கத்துகிற கிழவரையும் பார்த்து அப்படியே நின்றார்கள். "பாவம், ஆஸ்பத்திரியில வச்சா அந்தப் பொண்ணைத் திட்டறது" என்றாள் ஓர் அம்மாள்.

மருமகள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க மாமா" என்றாள் அவர்களிடம். "அவர் இன்னும் முடிக்கல. நீங்க அடுத்த லிஃப்ட்ல வாங்க."

பொத்தானை அமுக்கினாள். கதவு மூடியது. அவர் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.